டிகிரி அண்ணி எழுதிய மனு

எங்கள் தெருவில் அண்ணியை ‘டிகிரி’ என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். படித்த டிகிரியே இரண்டு. அது போதாதென்று வெப்பமானியோடு தெருத் தெருவாக அலைந்து, “இங்க முப்பத்தொன்பது டிகிரி” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நகராட்சி தன் மரக் கணக்கெடுப்பை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. எந்தத் தெருவில் எத்தனை மரம் என்று யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்து பார்க்கலாம். அண்ணி அந்தத் தரவையும் தன் வெப்பக் கணக்கையும் சேர்த்து ஒரு வரைபடம் போட்டார். மரம் குறையக் குறையச் சூடு ஏறியது. மொட்டைத் தெருக்களுக்கு மரம் கேட்டு வாங்க அது போதும். ஒரே ஒரு புள்ளிதான் கோட்டோடு சேராமல் கீழே கிடந்தது. அது எங்கள் தெரு. பதிவில் மரம் பூஜ்யம், சூடோ குறைவு.

குறையாமல் என்ன செய்யும்? எங்கள் வாசலில் மட்டும் நாலு தூங்குமூஞ்சி மரங்கள். அண்ணனின் சைக்கிள் ரிப்பேர் கடைக்குக் கூரையே அவைதான். கணக்கெடுக்க வந்த மகராசன் எங்கே தூங்கினானோ.

“ஒரு புள்ளிதானே, விட்டுத் தள்ளேன்” என்றார் அண்ணன்.

“அதெப்படிங்க விடறது? தப்பு தப்புதானே.”

நகராட்சிக்கு மனு எழுதி என்னிடம் படித்துக் காட்டினார். “பதிவில் மரம் இல்லை; தெருவில் நான்கு உள்ளன. இந்த வேறுபாட்டை உடனே நீக்கவும்.” நல்ல தமிழ். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அலுவலகத்தில் பதிவைத் திருத்த மூன்று மேசைகளின் கையெழுத்து வேண்டுமாம். பதிவில் இல்லாத மரத்தை வெட்ட ஒரு கையெழுத்தும் வேண்டாம். அண்ணி பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் ரம்பத்தோடு லாரி வந்து நின்றது. அண்ணன் குறுக்கே போய் நின்றார். மேற்பார்வையாளர் மனுவையே எடுத்து நீட்டினார்.

“உங்க வீட்டுலேருந்துதான் சார் எழுதியிருக்காங்க. நீக்கச் சொல்லி.”

சாயங்காலம் அண்ணி வந்தபோது வாசலில் மரத்தூள்தான் இருந்தது. தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தூளிலேயே உட்கார்ந்து அழுதார். “சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்றார் எதிர்வீட்டுக்காரர், காதில் விழட்டும் என்றே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை அறைந்திருப்பேன். ஆனால் அறைய வேண்டியவர்கள் மேசைக்குப் பின்னால் அல்லவா இருக்கிறார்கள்!

இப்போது விடுமுறை நாட்களில் அண்ணி குடையை விரித்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். வெயிலில் ட்யூபில் போட்ட ஒட்டும் நிற்பதில்லை, வாடிக்கைக்காரரும் நிற்பதில்லை. நேற்று அண்ணன் தலை நிமிராமலே சொன்னார்:

“குடையை மடக்கும்மா. இந்த நிழலும் பதிவுல இல்ல. எவனாவது வந்து நீக்கிடப் போறான்.”