எங்கள் வீட்டு ரம்பம்

என் கணவர் துபாயை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எங்கள் மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவர் முதன்முதலில் விமானம் ஏறிய நாளில் அவளுக்குப் பேச்சே சரியாக வந்திருக்கவில்லை. இடையிடையே லீவில் வந்துபோனவரை அவள் ஒரு விருந்தாளியாகத்தான் பார்த்து வளர்ந்தாள். இப்போது அந்த விருந்தாளி வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவங்களுக்குச் சோறு போடவான்னு கேளும்மா" என்பாள். அவரும் டியூஷன் எப்போது முடியும் என்பதை என்னிடம்தான் கேட்பார். இருவருக்கும் நடுவே பேச்சைச் சுமந்தே எனக்கு அலுத்துப்போனது.

அந்த வருடம் வீசிய புயலில் எங்கள் கொல்லையில் நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்தது. எங்கள் ஊர் அரிமளம் பக்கம் அன்றைக்குச் சாயாத மரங்கள் குறைவு. விறகுக்காரர்கள் டிராக்டரோடு தெருத்தெருவாக வந்தார்கள். எங்கள் மரத்தை அவர்களிடம் கொடுக்க இவருக்கு மனம் வரவில்லை. துபாயில் இரும்புப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். வெளிநாட்டில் யாரோ தங்கள் வீட்டிலேயே மெஷின் வைத்து மரம் அறுப்பதைப் போனில் பார்த்துவிட்டு, அதேபோல ஒரு மெஷின் செய்யப்போகிறேன் என்றார். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதாவது செய்யட்டும் என்று நான் தடுக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க வெல்டிங் பொறி பறந்தது. ரயில் தண்டவாளம் போல இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள். அவற்றின்மேல் உருளும் சின்ன வண்டி, அதில் ஒரு பெட்ரோல் இன்ஜின். ரிப்பன் போன்ற நீள ரம்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. தேவைப்பட்டால் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். மரத்தைச் சட்டங்களுக்கு நடுவே கிடத்தி இறுக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனால் பலகை பலகையாக அறுந்து வரும்.

தள்ள ஒருவர், ரம்பம் சூடாகாமல் தண்ணீர் விட ஒருவர், அறுந்த பலகையைத் தூக்க ஒருவர் என்று மூன்று பேர் வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் மகளிடம் போனது. இன்ஜின் ஓடினால் காதில் வேறொன்றும் விழாது. நான் ஒரு கோடியில் நின்றேன். என் வழியாகச் சொல்லி அனுப்ப இருவருக்கும் வழியே இல்லை. கையைக் காட்டித்தான் பேசிக்கொண்டார்கள். விரலைக் கீழே அசைத்தால் மெதுவாக, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. முதல் பலகையைப் புரட்டியபோது உள்ளே மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல இருந்தது. அவள் ஈரத் தூளை அள்ளி முகர்ந்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவரும் முகர்ந்து பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பலகைகளுக்கு நடுவே காற்று போக மெல்லிய ரீப்பர் குச்சிகளை வைத்து அடுக்கிக் காயவிட்டோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே மரம் அறுப்பது என்று ஆகிவிட்டது. விழுந்த மரத்தைச் சொந்தக்காரர்களும் கொண்டுவந்து போட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கணவரை இழந்து தனியாக இருப்பவர். அவர் வாசல் வேப்பமரமும் புயலில் விழுந்து கிடந்தது. அடுப்புக்குப் போக மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் அவருடைய அடுப்படிக்கே கதவு செய்து தருகிறோம் என்று அடிமரத்தை உருட்டி வந்தோம்.

இரண்டு பலகை எடுத்திருப்போம். மூன்றாவது பாதியில், மகள் சட்டென்று உள்ளங்கையை விரித்தாள். அவர் ஏன் எதற்கு என்று பார்க்கவில்லை. அந்தக் கணமே இன்ஜினை அணைத்தார்.

"என்னம்மா?" என்றார்.

"அப்பா, இந்த எடத்துல மரம் கறுத்திருக்கு பாருங்க. மை கொட்டுன மாதிரி நீலமா. உள்ள இரும்பு இருக்கும்போல."

'அப்பா' என்ற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் அவள் வாயால் அவரைப் பார்த்துக் கேட்டேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் உளியை எடுத்துக் கொத்தினார். ரம்பப் பல்லுக்கு ஒரு விரல் தள்ளி, கட்டைவிரல் தடிமனில் ஒரு கொக்கி புதைந்திருந்தது. ரம்பம் அதில் மோதி அறுந்திருந்தால் தண்ணீர்க் குழாயோடு நின்ற அவள் பக்கம்தான் தெறித்திருக்கும். அவர் அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இந்த வேலையே வேணாம், வித்துருவோம்" என்றார்.

மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்கதான் உடனே நிப்பாட்டிட்டீங்கல்லப்பா. இனிமே அறுக்கிறதுக்கு முன்னாடியே தேடிப் பாத்துருவோம். ரம்பத்துக்கு மூடி ஒண்ணும் பண்ணுங்க" என்றாள். மறுவாரமே தகரத்தில் கெட்டியான மூடி வந்தது. அவள் நிற்கும் இடத்தையும் மாற்றினார்.

கொக்கியைப் பார்த்ததும் அக்கா கையில் வாங்கித் துடைத்தார். "கடலை எடை போட இதுலதான் தராசு தொங்கவிடுவாக, எங்க வீட்டுக்காரவுக. மரம் இத முழுங்கிருச்சுன்னு நெனச்சே பாக்கல" என்றார். வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

வேப்பங்கதவு இப்போது அக்கா அடுப்படியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை பலாப்பலகை. மகள் திருச்சியில் காலேஜ் போகிறாள். போன் வந்தால் அவள் முதலில் கேட்பது அவரைத்தான். ஒரு மணி நேரம் என்னதான் பேசுவார்களோ. எனக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்தப் புயலில் கூரை போனவர்கள், தோப்பு போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதனால் புயலால் எங்களுக்கு நல்லது நடந்தது என்று நான் வெளியில் சொல்வதில்லை. ஆனால் கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது நன்றி சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.