முருங்கையின் சொந்தக்காரன்

மாசி பிறந்து வீட்டோரத்து முருங்கை பூத்துவிட்டால் போதும், அந்தத் தேன்சிட்டின் அட்டகாசம் தாங்காது. கட்டைவிரல் அளவு ஆண் சிட்டு, கருநீலத்தில் பளபளவென்று இருக்கும். இன்னொரு ஆண் சிட்டு எட்டிப் பார்த்தால் விரட்டும், அணிலை விரட்டும், துணி உலர்த்தப் போகும் அம்மாவைக்கூடத் திட்டித் தீர்க்கும். என் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான் என்று அதற்கு எந்த வருஷமும் புரிந்ததில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். ஷூ ஜோடியோடு போட்டுத் தரும் நாடா வைத்த துணிப்பைகள் வீட்டில் நிறையக் கிடக்கும். ஒன்றைக் கண்ணாடிக்கு மாட்டி நாடாவை இழுத்துவிட்டால் சண்டை ஓயும்.

போன மாசியில் மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் இரண்டாம் தடவை பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் அப்பா போட்ட நிபந்தனைதான் பிடிக்கவில்லை: கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகக் கூடாது. "இன்னிக்கி மட்டும் வாயத் தொறக்காத" என்று அம்மா காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் தன் புதுக் காரை நேராக முருங்கையடியில் நிறுத்தினார். நான் காபித் தட்டோடு வருவதற்குள் டொக் டொக் என்று ஆரம்பித்துவிட்டது. காரின் பக்கக் கண்ணாடியில் சிட்டு பாய்ந்து பாய்ந்து கொத்துகிறது, கதவெல்லாம் எச்சம். அவர் ஓடிப்போய்க் கர்சீப்பை வீச, அது அவர் வழுக்கைக்கு மேலேயே நின்று கத்தியது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தட்டை அம்மாவிடம் தள்ளிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பைகளோடு ஓடினேன். ஒரு கண்ணாடிக்கு நான் மாட்டினேன், மற்றதற்கு மாப்பிள்ளை.

சிட்டு கிளையில் ஏறி மார்பை நிமிர்த்திப் பாடித் தள்ளியது.

"இத்தனூண்டு குருவிக்கு இவ்ளோ கோவமா?" என்றார் பெரியவர்.

"மரம் அதோடது மாமா, வுட்டுக்குடுக்காது." வாய் அத்தோடு நிற்கவில்லை. "நானும் வேலைய வுட மாட்டேன்."

அம்மா தட்டைக் கீழே போடாதது ஆச்சரியம். பெரியவர் என்னைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார். போய்க் காரில் ஏறினார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கண்ணாடிகளில் பையோடு கார் தட்டுத்தடுமாறிப் பின்னால் நகர்ந்து, எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் போய் நின்றது. இறங்கி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

"கம்பெனி எத்தன மணிக்கு வுடுவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"அஞ்சரைக்குப்பா" என்றார் மாப்பிள்ளை.