பெரிய தட்டில் கல் சுமப்பவர்

பொழிச்சலூரில் அமலராணி வீட்டுப் பின்பக்கம் ஒரு மின்சூளை இருக்கிறது. பீங்கான் கம்பெனியில் பதினாறு வருடம் தட்டுகளுக்குப் படம் ஒட்டியவள். கம்பெனி மூடிய பிறகு, சூளையில் சுடுவதைத் தட்டுகளைக் கெடுத்துக் கெடுத்துத் தானே கற்றுக்கொண்டாள்.

பம்மலில் கிறிஸ்தவ சபை ஒன்றுக்கு ஞாயிறன்று நூற்றாண்டு விழா. கல்லுடைப்பவர்கள் தலையில் கல் சுமந்து முதல் ஆலயம் கட்டிய காட்சியை விழாத் தட்டுகளில் நீல நிறத்தில் பதிக்கும் வேலை அவளுக்கு. வீட்டுக்கொன்றாகச் சின்னத் தட்டுகள் தயார். ஆலயச் சுவரில் மாட்டும் பெரிய தட்டு மட்டும் பாக்கி. சிவகாசியில் அச்சாகி அதற்கு வந்த ஒட்டுப்படத் தாள் இரண்டு. ஒன்று சோதனையிலேயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சபைச் செயலாளர் வேதசிரோமணி, ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். அமலராணி தாளை ஊறவைத்து, அதிலிருந்து படத்தை நழுவவிட்டுத் தட்டில் இறக்கி, ரப்பர் துண்டால் நீவினாள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டது. கை நின்றது. விளிம்பைத் தேய்த்து முகர்ந்தாள்.

"சார், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சீங்களா?"

"பளபளன்னு இருக்கட்டுமேன்னு... வீட்டுல பித்தளையெல்லாம் அப்படித்தானே துடைப்போம்."

"எண்ணெய் இருந்தா சூளைல படத்துல முகமெல்லாம் பொரிஞ்சு வந்துடும்."

"படத்துல முன்னால நிக்கிறது எங்க தாத்தாதாம்மா. சின்னத் தட்டுல அவர் முகம் கடுகளவுகூட இல்ல."

அவள் தட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்திச் சாய்த்தாள். படம் மெல்லக் கழன்று வெங்காயத் தோல்போல மிதந்தது. மடிந்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். இரண்டு விரல் நுனிகளால் அதைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே தட்டைக் கழுவுங்க. சோப்பு போட்டு மூணு தடவை. ஓரத்தை மட்டும் புடிங்க" என்றாள்.

கழுவிய தட்டைப் படத்துக்கு அடியில் அவர் கோணலாக நுழைத்தார்.

"கையெழுத்து கோணல்னு எத்தனை பசங்களை முட்டி போட வெச்சீங்க? இப்பப் பாருங்க."

"சும்மா இரும்மா. பயமா கீது" என்றார், வாத்தியார் தமிழை மறந்து.

படத்தின் இடது ஓரம், பனைமரம் நின்ற பக்கம், மடிந்தது. ஊதிப் பார்த்தாள், பிரியவில்லை. இழுத்தால் கிழிசல் முகம்வரை ஓடும். பிளேடை எடுத்தாள்.

"பனைமரத்தை வெட்டறியா?"

"மரமா, உங்க தாத்தாவா?"

அவர் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். அவள் வெட்டினாள்.

சனிக்கிழமை மதியம்வரை காயவைத்துத்தான் சூளையைப் போட்டாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேதசிரோமணி வந்ததும் சூளைக் கதவைத் திறந்தாள்; தட்டில் சூடு மிச்சமிருந்தது. கல் சுமப்பவரின் முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பக்கத்தில் பனை இருந்த இடம் வெறும் வெள்ளை.

"மரம் எங்கன்னு கேட்டா, சுவர் எழுப்ப வெட்டிட்டாங்கன்னு சொல்லிடுங்க சார்."

வேதசிரோமணி தட்டைத் துண்டில் சுற்றினார். "சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன்மா நான். என்னாலதான் போச்சுன்னே சொல்லிடறேன்."