வாய் திறக்காத மீன்

குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசையில், அபூர்வமான சிக்லிட் வண்ணமீன் ஜோடி ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூர் மீன் கடையில் வாங்கி, ராஜபாளையம் வீட்டுத் தொட்டியில் விட்டிருந்தேன். திடீரென்று பெண் மீன் இரை எடுக்கவில்லை, தாடையும் வீங்கியிருந்தது. எனக்கு எப்போதும் கெட்டதுதான் முதலில் தோன்றும். தொண்டையில் கூழாங்கல் சிக்கிவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். தண்ணீர்ப் பையில் மீனைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இடுக்கிய வச்சு கல்ல எடுத்துருங்கக்கா, செத்துரும்" என்றேன் கடைக்கார அக்காவிடம்.

அவர் தண்ணீர்ப் பைக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தார். "ஏண்ணே, கல்லு கண்ண முழிச்சுப் பாக்குமா? நல்லாப் பாருங்க."

தாடைத் தோலுக்குள் குட்டிக் குட்டிக் கண்கள்!

"வாய்க்குள்ள குஞ்சு வளக்குது, அதான் திங்கல. இதப் போயி பஸ்ஸுல தூக்கிட்டு வந்தீகளாக்கும்! பயத்துல துப்பியிருந்தா அம்புட்டும் போச்சு."

திரும்பும் வழியில் பஸ் குலுங்கியபோதெல்லாம் என் உயிர் போய் வந்தது. ஆனால் அவள் துப்பவில்லை.

அடுத்த வாரம் குஞ்சுகள் வெளியே நீந்தின. மகிழ்ச்சியில் தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினேன். அத்தனையும் ஓடித் தாயின் வாய்க்குள் புகுந்துகொண்டன.

"ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான்" என்றாள் மனைவி.

தள்ளிப் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக மறுபடி வெளியே வந்தன. நான் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.