இருபது நிமிஷம் கொதித்த தண்ணீர்

பால்பொடியில் வெந்நீர் விழும் வாசனை வந்ததும் அடுப்படிக்குப் போனேன். "ஃபில்டர் ரிப்பேரானா என்ன அத்தை, இருபது நிமிஷம் கொதிக்க வெச்சேன், ஒரு கிருமி இருக்காது" என்றாள் பேத்திக்குப் புட்டிப்பால் கலக்கிக்கொண்டிருந்த மருமகள், பெருமையாக.

சின்ன வயதில், எங்கள் ஆனேக்கல் தோட்டத்து வீட்டிலும் இதே வாசனைதான். கீரைப் பாத்திகளின் நடுவே கிணறு, அப்பா பிடி பிடியாக யூரியா வீச, கீரை கரும்பச்சையாகத் தளதளக்க, "ஏன்பா, பெயிண்ட் அடிச்சியா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கிண்டல் செய்ய, செடி குடித்தது போக மிஞ்சியதெல்லாம் நைட்ரேட்டாகி மழையோடு கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புட்டிப்பால் குடித்த தங்கையின் உதடு நீலமாகத் தொடங்கியதும், அம்மா தண்ணீரை இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தாள். கைக்குழந்தையின் ரத்தத்தைப் பிராணவாயு சுமக்கவிடாமல் உதட்டை நீலமாக்குவது நைட்ரேட்தான், கொதித்தால் தண்ணீர்தான் குறையும், நைட்ரேட் குறையாது என்பதைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். தங்கை அதற்கு வெகு முன்பே போய்விட்டாள்.

அந்தத் தோட்டத்தின் மேல்தான் இப்போது எங்கள் அடுக்ககம் நிற்கிறது, போர்வெல்லும் அங்கேயே. லிஃப்ட் அருகே ஒட்டிய தண்ணீர் அறிக்கையில் கிருமி இல்லை, கையெழுத்தும் முத்திரையும் முறைப்படி இருக்கின்றன, நைட்ரேட் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு. கேட்காத பரிசோதனைக்குக் கோடு போடுவதுதான் நடைமுறை. நானே எத்தனையோ போட்டிருக்கிறேன்.

புட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்தேன்.

"ஐயோ, ஃபில்டர் போன மூணு நாளா இதைத்தானே குடிக்கிறா!"

பேத்தியைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோய் உதட்டைப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை என்று டியூப் லைட்டையும் போடச் சொன்னேன்.