காப்பிக்கடையில் வாசித்த தொடர்கதை

அப்போது நான் பினாங்கு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காப்பிக்கடையில் தமிழ்ப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது என் வழக்கம்.

ஒரு நாவல் எழுதும் ஆசை எனக்கு இருந்தது. புருஷனைத் தேடிக் கப்பலேறி வந்த செல்லம்மா, அவன் இங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவதைக் காணும் கதை. உடன் வேலை பார்த்த சவரிமுத்துவிடம் மட்டும் முழுவதையும் சொல்லியிருந்தேன். அண்ணே, அண்ணே என்று அவரையே சுற்றி வந்தவன் நான். எழுத உட்காரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், "அவசரப்படாத லா தம்பி, உனக்கு இன்னும் பக்குவம் வரல" என்பார். நம்பினேன்.

ஒரு ஞாயிறு, புதிதாகத் தொடங்கிய தொடர்கதையை வாசித்தேன். செல்லம்மா கப்பலிலிருந்து இறங்கினாள். திடுக்கிட்டுத் தலைப்பைப் பார்த்தேன். கீழே சவரிமுத்துவின் பெயர். எதிரே எல்லாரும் காத்திருந்ததால் மேலே வாசித்தேன்.

அதில் செல்லம்மா புருஷன் காலில் விழுந்து அழுதாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சோறு ஆறுது, போய்ச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்ததாக, அச்சில் இல்லாததைச் சொன்னேன்.

"அந்தப் புள்ள இனிமே எங்கண்ணே தங்கும்?" என்றார் ஒருவர். அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஆபீசில் சவரிமுத்து கூசாமல் கேட்டார்: "நம்ம கதைய வாசிச்சியா தம்பி?"

நான் எழுதிய நாவல் பிறகு புத்தகமாக வந்தது. ஆனாலும் அவரை மன்னிக்க முடியவில்லை. எனக்குப் பக்குவம் வந்துவிட்டது என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பொறுத்திருக்கச் சொன்னார்.