ஊரே கூப்பிட்ட பவுல்

என் அத்தைக்கு உலகத்தில் பிடிக்காதவை நிறைய. சினிமா, வெற்றிலை, சத்தம் போட்டுச் சிரிக்கும் பெண்கள், நீளப் பிரசங்கம், ரோமன் கத்தோலிக்கர். கடைசி இரண்டில் எது மோசம் என்பதை அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். வளர்த்தாள் என்பதைவிட வார்டில் சேர்த்துக்கொண்டாள் என்பது பொருத்தம். காலையில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி கொடுப்பாள்.

நாங்கள் திருத்தங்கலில் குடியிருந்தோம். சிவகாசியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அதே பஸ்ஸில் வந்த ஒருவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. பட்டாசுக் கட்டுக்கு லேபிள் அடிக்கிற அச்சாபீசில் அவருக்கு வேலை. விரல் நுனியில் எப்போதும் சிவப்போ பச்சையோ ஒட்டியிருக்கும். நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். ஆனாலும் கட்டினால் இவரைத்தான் என்று முடிவு செய்திருந்தேன், அவரும் அப்படியே. ஒரே சங்கடம், நாங்கள் புராட்டஸ்டண்ட், அவர் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அத்தை சம்மதிக்காமல் எனக்குக் கல்யாணம் இல்லை. சட்டத்தில் இடம் இருந்திருக்கலாம், எங்கள் வீட்டில் இல்லை.

அவர் கம்பெனி டீமில் கால்பந்து ஆடுவார். அந்தக் கோடையில் சிவகாசி மைதானத்தில் சாத்தூர் டீமோடு ஆட்டம் என்று சொன்னார். எனக்கு ஒரு யோசனை வந்தது. அத்தையை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஆளை முதலில் காட்டிவிடுவது. ஆள் பிடித்துப்போன பிறகு அவர் போகிற கோவிலைச் சொல்லிக்கொள்ளலாம்.

“அத்தை, எனக்கு வேலை கெடைச்சதுக்கு உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றேன்.

“சினிமாவா?”

“பந்து விளையாட்டு.”

அத்தை யோசித்தாள். எங்கள் போதகர் கால்பந்தைப் பாவம் என்று இதுவரை பிரசங்கித்ததில்லை. மறந்திருப்பாராக இருக்கும். ஆனால் சொல்லாதது சொல்லாததுதான். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, துணிப்பை என்று அத்தை புறப்பட்டுவிட்டாள். பைக்குள் கட்டுத்துணி, டிங்சர், வேதாகமம் மூன்றும் இருந்தன. மனுஷனுக்கு வருகிற எதற்கும் இந்த மூன்றில் ஒன்று கேட்கும் என்பது அவள் கணக்கு.

மைதானத்தில் ஒரு பக்கம் மட்டும் வேப்பமர நிழல். அங்கே சாத்தூர்க்காரர்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருந்தார்கள். வயசான அம்மா என்று எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். எதிரிப் படைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டோமே என்று எனக்குக் கவலை. அத்தைக்கு நிழல் கிடைத்ததே போதும்.

ஆட்டம் தொடங்கியது. “அந்தக் கறுப்புச் சட்டைக்காரன் அம்புட்டு ஓட்டம் ஓடுறான், ஒருத்தனும் அவன்கிட்ட பந்தைக் குடுக்கலையே” என்று அத்தை ரெஃப்ரிக்காக வருத்தப்பட்டாள்.

நம்மவர் பின்வரிசை ஆட்டக்காரர். அத்தை வருவது அவருக்குத் தெரியும். பெண் கேட்கப் போகிறவன் தன் வீரத்தைக் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பந்து இருக்கும் பக்கமெல்லாம் பாய்ந்தார். ஆனால் உதை பந்தின்மேல் பட்டதைவிடச் சாத்தூர்க்காரர்கள்மேல் பட்டதுதான் அதிகம். ஒவ்வொரு தடவையும் எங்களைச் சுற்றியிருந்த கூட்டம் எழுந்து நின்று “பவுல்! பவுல்!” என்று கத்தியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தில் தப்பு செய்தால் ‘ஃபவுல்’ என்பதை எங்கள் பக்கத்தில் பவுல் என்றுதான் கத்துவார்கள். எங்கள் வேதத்திலோ பவுல் என்றால் அப்போஸ்தலர். எங்கள் சபையில் வரிசைக்கு ஒரு பவுல் உட்கார்ந்திருப்பார். ஆர்.சி.க்காரர்கள் அதே அப்போஸ்தலரைச் சின்னப்பர் என்பார்கள், பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பேர் வைப்பார்கள். ஆகவே பவுல் என்று ஒருவன் இருந்தால் அவன் எங்கள் ஆள். ஞானஸ்நானச் சீட்டு கேட்க வேண்டியதே இல்லை.

“யாருட்டி அந்தப் பவுலு? ஊரே அவனைத்தான் கூப்பிடுது?” என்றாள் அத்தை.

நான் அவரைக் கைகாட்டினேன். பேரைத் திருத்தவில்லை.

“நம்ம சபைப் பையன் ஒருத்தன் இம்புட்டுப் பேர் எடுத்திருக்கான், நமக்குத் தெரியலை பாரேன்” என்று அத்தை பூரித்துப் போனாள். அடுத்த தடவை அவர் ஒருவரைக் கவிழ்த்தபோது அத்தையும் குடையைத் தூக்கி “பவுலு! பவுலு!” என்று கூவினாள். சாத்தூர்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். ஒருவர் சேவுப் பொட்டலத்தை நீட்டினார். இன்னொருவர், “ஆத்தா, நல்லாக் கேளுங்க, இவன் பண்ற அநியாயத்தை” என்றார். அத்தை காதில் சேவு நொறுங்குகிற சத்தம் மட்டும்தான் விழுந்தது.

அப்புறம் நம்மவர் சாத்தூர் டீமின் சிறந்த ஆட்டக்காரனைச் சாய்த்தார். அவன் எழுந்திருக்கவில்லை. கூட்டம் உள்ளே ஓடுவதற்குள் அத்தை பையோடு உள்ளே போய்விட்டாள். அந்த வயதில் அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

“வெலகுங்கலே, நான் நர்ஸ்!” என்று அதட்டி, கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். “ஒடியலை, பெரண்டிருக்கு.” பிறகு நிமிர்ந்து, “ஏலே பவுலு! இங்கன வா, இந்தக் காலைத் தூக்கிப் பிடி” என்றாள்.

மைதானமே சிரித்தது. அவர் முகம் அவர் அடிக்கிற லேபிளைப் போலச் சிவந்துவிட்டது. ஆனாலும் வந்து மண்டியிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார். அத்தை கட்டுப்போட்டபடியே விசாரணையைத் தொடங்கினாள்.

“எந்தச் சபைடா நீ, பவுலு?”

நான் அத்தைக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன், கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

“எம் பேரு பவுல் இல்லம்மா. நான் தப்பா ஆடுறேன்னு கத்துறாக. நாங்க ஆர்.சி., பூசைக்குப் போறவுக.”

அத்தையின் கை நின்றது. அவர் இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். அத்தை திரும்பினாள். கும்பிட்ட கையை எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குமேல் யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு எழுந்தாள்.

மிச்ச ஆட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அத்தை குடையை விரித்துக்கொண்டு முன்னால் போனாள். என் கல்யாணம் அந்த மைதானத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பஸ் வரவில்லை. சிமெண்டுத் திண்டில் இருவரும் உட்கார்ந்தோம்.

“பந்து காட்டவா கூட்டிட்டு வந்தே?”

“இல்லை அத்தை.”

“ஆமாம்மா, பவுலுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாம்னா உன் கல்யாணத்துக்கு நாளைக்கே நான் போதகரைப் பாத்திருப்பேன். ஏமாத்தத் தெரியலையே அவனுக்கு. உனக்கு நல்லாத் தெரியுது.”

அத்தை குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவன் முரடன்தான். ஆனா அடிபட்ட அந்தப் பையன் காலைப் பிடிச்சான் பாரு, பச்சப்புள்ளயப் பிடிக்கிற மாதிரி பிடிச்சான்” என்றாள். “எனக்கு ஆர்.சி. மேல என்னட்டி கோவம்? அங்க கட்டிக் குடுத்தா நீயும் அங்கதானே போகணும். எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

அத்தை பயப்படுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“நான் வார்டுல எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி விட்டிருக்கேன். பிள்ளைகளைப் பெத்தவுக, சொத்துள்ளவுக. கடைசி நேரத்துல பக்கத்துல நாந்தான் இருப்பேன். எம் பேருகூட அவுகளுக்குத் தெரியாது. வாசல்ல சத்தம் கேட்டா, மக வந்துட்டாளான்னு என்னயக் கேப்பாக.”

பஸ் வந்து நின்றது. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு விசிலடித்தார், பஸ் போய்விட்டது.

“அவனை வீட்டுக்கு வரச் சொல்லு” என்றாள் அத்தை. “அவுக கோவில்லயே கட்டிக்கோ. ஆனா நான் சாகக் கிடக்கையில நீ வரணும். உங்க கோவில் சாமியாரை அனுப்பிட்டு நீ வீட்ல இருந்துறாத.”

“வருவேன் அத்தை” என்றேன்.

“அழாத. எல்லாரும் பாக்குறாக” என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். அடுத்த பஸ் வந்து, ஏறி, திருத்தங்கலில் இறங்கும் வரைக்கும் அந்தக் கையை அவள் விடவில்லை.